டிராக்டர் இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் வால்வு ஸ்பிரிங் மாற்ற முடியுமா?

மன்னார்குடிக்காரன்:
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றும் தயார், நடவு ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. சேற்றுழவு பாதியில் நிற்கும்போது டிராக்டர் டக்டக்கென்று சத்தம் போட்டு மிஸ்ஸாக ஆரம்பித்தது. 3 சிலிண்டர் டீசல். ராக்கர் கவரைத் திறந்தால் 2ஆவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடக்கிறது. மெக்கானிக், சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கிற ஹெட்டை இறக்கணும், நாலு நாள் ஆகும் என்கிறார். இறக்காமல் செய்ய வழி உண்டா?

பழைய பைக் பிரியன்:
உண்டு. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, ஒரு முனையை வெளியே விட்டுவிட்டு, பிஸ்டனை மேலே ஏற்றினால் கயிறு வால்வை சிலிண்டருக்குள் விழாமல் தாங்கிக்கொள்ளும். என் பைக்கில் செய்திருக்கிறேன்.

கும்பகோணம் பட்டறை:
அது பெட்ரோலுக்குச் சரி. டீசலில் இன்ஜெக்டர் மூக்கு நுழைகிற துளை சிறியது, கயிறு போகாது. ஆனால் தேவையும் இல்லை தம்பி. டீசலில் பிஸ்டன் முழுக்க மேலே வந்தால் வால்வுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி ரொம்பக் கொஞ்சம், வால்வு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே விழ வழியில்லை.

முதலில், வால்வை அமுக்கித் திறக்கிற ராக்கரின் ஸ்டாண்டு போல்ட்டைப் பார். சில இன்ஜினில் அதுவே ஹெட் போல்ட்டும் கூட. அப்படியானால் தொடாதே, தளர்த்தினால் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போய்விடும், அப்புறம் நாலு நாள்தான்.

இல்லையென்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிடு, அப்போதுதான் பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்க் லேசாகச் சுற்றும். ராக்கரை எடுத்துவிட்டு அந்த உடைந்த ஸ்பிரிங் வால்வைக் கட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிராங்க்கை மெல்லச் சுற்று, பிஸ்டன் வால்வை மேலே தள்ளும், அது ஏறி நின்று இறங்கத் தொடங்குகிற இடம்தான் உச்சி. அங்கேயே நிறுத்திக் கியரில் போட்டுவிடு. புஷ்ராட் துளை, எண்ணெய் இறங்குகிற துளை எல்லாவற்றிலும் துணி அடை. ஸ்பிரிங் தட்டை வால்வுத் தண்டோடு பிடித்து வைக்கிற அந்தச் சின்ன லாக் ஒன்று இன்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்தால் நடவு ஆள் திரும்பிப் போயிடுவான். ஸ்பிரிங் தட்டின் மேல் பாக்ஸ் ஸ்பேனரை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் லாக் இளகும். ராக்கர் ஸ்டட்டில் துளை போட்ட இரும்புப் பட்டையை நட்டுப் போட்டு மாட்டி, அதை ஆதாரமாக வைத்துக் கம்பியால் நெம்பி, லாக்கைக் காந்தத்தால் எடு.

திருவாரூர் விவசாயி:
இதோடு ஒன்று. ஸ்பிரிங் ஏன் உடைந்தது என்பதைவிட, உடைந்தபிறகு எவ்வளவு நேரம் ஓட்டினாய் என்பதுதான் முக்கியம். வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தால் புது ஸ்பிரிங் போட்டும் வீண். ஸ்பிரிங்கை எடுத்தபின் வால்வுத் தண்டின் நுனியில் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் போட்டு விழாமல் பிடித்துக்கொண்டு, பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கி, வால்வை விரலால் உருட்டிப் பார். நுனி ஆடாமல் ஒரே சீராகச் சுழன்றால் சரி. ஆடினால் பேச்சே இல்லை, ஹெட்டை இறக்கு. சந்தேகமாக இருந்தால் கடைசல் பட்டறையில் பழைய இன்ஜெக்டர் உடலிலிருந்து ஒரு அடாப்டர் கடைந்து, ஸ்பிரிங் மாட்டிய பிறகு, ராக்கர் போடும் முன் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றுக் கொடுத்துப் பார். சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. காற்றுக் கொடுக்கும்போது ஃபேன் பக்கம் கையை வைக்காதே, பிஸ்டன் உச்சியிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும் கிராங்க் சுற்றிவிடும்.

மன்னார்குடிக்காரன்:
அண்ணன்களுக்கு நன்றி. ராக்கர் போல்ட் தனி, ஹெட் போல்ட் தனி. மதியம் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிந்தது. வால்வு நேராகத்தான் இருந்தது. ஒரு லாக் துள்ளிப்போய் அரைமணி நேரம் தேடினோம், துணி மடிப்பிலேயே கிடந்தது. பக்கத்து ஸ்பிரிங்கையும் கழற்றிப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், குட்டையாக இருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். ராக்கரை மாட்டி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பட் இடைவெளி வைத்து ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் இல்லை. காலையில் சேற்றுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டி மீதி வயலை அடிக்கணும்.