வெள்ளி ரதத்துக்கு எந்தக் கேமரா?

கேள்வி (பட்டர்வொர்த்):
வணக்கம். பினாங்குத் தைப்பூசத்துக்குள் ஒரு கேமரா வாங்க வேண்டும். கையில் 1,800 ரிங்கிட் இருக்கிறது. ஒன்று, யாரோ பயன்படுத்திய நிக்கான் டி3500, 18-55 லென்ஸுடன். மற்றது கேனான் எஸ்எக்ஸ்740: பாக்கெட்டில் அடங்கும், 40 மடங்கு ஜூம். அலகு குத்தியவர்களின் முகங்கள், இரவில் வெள்ளி ரதம், இவைதான் எனக்கு வேண்டும். எதை வாங்கலாம்?

பதில் (ஜார்ஜ்டவுன்):
தம்பி, நிக்கானையே எடுங்கள். அதன் சென்சார், அதாவது ஒளியை வாங்கும் தகடு, 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், கேனானுடையது 6.2க்கு 4.6தான். பரப்பில் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு வித்தியாசம். தகடு பெரிதானால் இருட்டில் படம் தெளிவாக வரும். போதாததற்கு, ஜூமை முழுதாக நீட்டினால் கேனானின் லென்ஸ் துளை எஃப்/6.9 ஆகச் சுருங்கிவிடும், ஒளி குறைவாகத்தான் உள்ளே போகும். இப்படிப்பட்ட ஒன்றை நம்பிப் போன ஆண்டு ரதத்தை எடுத்தேன். முருகன் உருகிய வெண்ணெய்போல் வந்தார். வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

பதில் (ஆயர் ஈத்தாம்):
அண்ணன் சொல்வது இரவுக்குச் சரி. ஆனால் பகலில் தூரத்து முகங்களுக்கு 18-55 லென்ஸ் எட்டாது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் பால்குடக் கூட்டத்துக்கு நடுவே லென்ஸ் மாற்ற முயலாதீர்கள். எனக்குத் திருநீறு சென்சாரில் போய் உட்கார்ந்தது. ரதத்தின் முன் தேங்காய் உடைக்கும்போதும் தள்ளி நில்லுங்கள். இளநீர்த் துளி கண்ணாடியில் காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டும்.

ஜார்ஜ்டவுன்:
காசு மிஞ்சினால், இரவுக்கு ஒளி நிறைய வாங்கும் 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையா என்று பார்த்து வாங்குங்கள். டி3500இல் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருக வேண்டும்.

பட்டர்வொர்த்:
நன்றி அண்ணா. நிக்கானைப் பார்க்க சனிக்கிழமை ஃபெர்ரி ஏறுகிறேன். தேங்காயிலிருந்து தள்ளியே நிற்கிறேன்.