கிறைஸ்ட்சர்ச் பரோவைக் கலைத்தது சரியா?

பழையகணக்கு:
இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத், பூல், கிறைஸ்ட்சர்ச் மூன்றையும் 2019 ஏப்ரல் 1 அன்று ஒரே கவுன்சிலாக்கினார்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்கு நடந்தது அநியாயம் என்பேன். 2017 டிசம்பரில் அந்த ஊர்க் கவுன்சில், அதாவது பரோ, மக்களிடமே கேட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள் (உள்ளாட்சித் தேர்தலுக்கே அங்கே அவ்வளவு கூட்டம் வராது), அவர்களில் 84% பேர் இணைப்பு வேண்டாம் என்றார்கள். அப்படியும் அமைச்சர் சஜித் ஜாவித் 2018 பிப்ரவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டார். கவுன்சில் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. அப்புறம் எதற்கு வாக்கெடுப்பு?

கடலோடி:
வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பது நடத்தியவர்களுக்கே தெரியும். 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட கவுன்சில்களில் ஒன்று சம்மதித்தாலே அப்போது போதுமாக இருந்தது. பிடிக்கவில்லை என்றால் அந்தச் சட்டத்தைத் திட்டுங்கள்.

நிலைமையையும் பாருங்கள். மூன்று ஊர்களும் இருக்கிற டோர்செட் மாவட்டத்தில் அப்போது 9 கவுன்சில்கள். போர்ன்மத்தும் பூலும் 1997 முதலே எல்லா வேலையையும் தாங்களே பார்க்கிற ஒற்றை அடுக்கு. கிறைஸ்ட்சர்ச்சில் மட்டும் இரண்டு அடுக்கு: வீட்டுவசதி, கட்டட அனுமதி எல்லாம் பரோ கையில், பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்ட்டி (மாவட்டக் கவுன்சில்) கையில். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டிய ஊர் அது. பெரிய செலவு முழுக்க கவுன்ட்டியின் தலையில், பரோவுக்குச் செலவு குறைந்த வேலைகள், கூடவே மேயர் கழுத்தில் போடுகிற அலங்காரச் சங்கிலி. ஸ்டூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போர்ன்மத், நடுவில் வயல்கூட இல்லை. இதற்குத் தனி நிர்வாகம் ஏன்?

பழையகணக்கு:
போர்ன்மத்தோடு ஒப்பிடாதீர்கள். 1810 வாக்கில் ஒருவர் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. கிறைஸ்ட்சர்ச் சாக்சன் காலத்துக் கோட்டை ஊர், அங்குள்ள பிரியரி தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியதே 11 ஆம் நூற்றாண்டில்.

கடலோடி:
தேவாலயத்தை யாரும் இடிக்கவில்லையே! 1835 நகராட்சிச் சீர்திருத்தத்தில் இந்தப் பரோவைச் சேர்க்கவே இல்லை, முறையான நகராட்சியானது 1886 இல்தான். 1974 வரை ஊர் ஹாம்ப்ஷரில் இருந்தது. இன்று ‘எங்கள் டோர்செட்’ என்று உருகுகிறவர்களின் தாத்தாவுக்கு அது பக்கத்து மாவட்டம்.

நிர்மலா_எஸ்:
ரெண்டு பேரும் வரலாற்றிலேயே நிற்கிறீர்கள், காசைப் பற்றிப் பேசுவோம். இணைந்தபோது மூன்று ஊர்களிலும் கிறைஸ்ட்சர்ச்சில்தான் கவுன்சில் வரி அதிகம், பூலில் குறைவு. பிறகு சமப்படுத்தினார்கள், ஆக வரி விஷயத்தில் கிறைஸ்ட்சர்ச்காரர்கள் புலம்ப வழியில்லை. ஆனால் பெரிய கவுன்சில் என்றால் நிதி நிர்வாகமும் தேறிவிடும் என்ற கதை என்ன ஆயிற்று? 2022 இல் புதிய கவுன்சில் கடற்கரைக் குடில்களைத் தானே தொடங்கும் ஒரு கம்பெனிக்கு விற்று சுமார் 5.4 கோடி பவுண்டு எடுக்கப் பார்த்தது. தன் சொத்தைத் தனக்கே விற்று அன்றாடச் செலவுக்கு வழி தேடுவது! அரசு விதியை மாற்றி அடைத்த பிறகுதான் கைவிட்டார்கள்.

கடலோடி:
அது அப்போதைய ஆளும் தரப்பின் தவறு. 2023 தேர்தலில் மக்கள் அவர்களை இறக்கிவிட்டார்களே. இணைப்பின் மேல் ஏன் பழி?

பழையகணக்கு:
மக்கள் என்றால் எந்த ஊர் மக்கள்? பரோவாக இருந்தபோது கிறைஸ்ட்சர்ச்சுக்கு 24 உறுப்பினர்கள், எல்லோரும் அந்த ஊரைப் பற்றி மட்டும் பேசினார்கள். இப்போது 76 பேரில் 10 பேர். கிறைஸ்ட்சர்ச் கடலோரத்து மட்ஃபர்ட் மணல்திட்டின் மரக்குடில்கள் பல லட்சம் பவுண்டுக்குக் கைமாறுகின்றன. அந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்கிற அவையில் அந்த ஊர் எப்போதும் சிறுபான்மை.

நிர்மலா_எஸ்:
ஆமாம், அதைச் சரிக்கட்டத்தான் 2019 இலேயே கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஒரு டவுன் கவுன்சில் கொடுத்தார்கள். மேயர் உண்டு. கட்டட அனுமதியில் கருத்து சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அதற்குத் தனி வரி, கவுன்சில் வரி ரசீதிலேயே இன்னொரு இனமாகச் சேர்ந்து வந்துவிடும். கடலோடி, அடுக்கைக் குறைக்கத்தானே இணைத்தோம் என்றீர்கள்?

கடலோடி:
சின்னப் பூங்காவையும் விழாவையும் பார்க்கிற அமைப்பை அடுக்கு என்று எண்ணினால் நாட்டில் ஒற்றை அடுக்கு ஊர் பாதிகூடத் தேறாது. கலைத்த பரோவைத் திரும்பக் கொண்டுவந்தால் முதியோர் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது, அதை மட்டும் இருவரில் யாராவது சொல்லுங்கள்.

பழையகணக்கு:
முன்பு கவுன்ட்டி ஏற்றதே. 84% பேர் வேண்டாம் என்று சொன்ன நாளில் அந்த ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருந்தது.