புதுப்பிப்பு: கரப்பான் ஸ்ப்ரே அடித்த பிறகு மூச்சு வாங்கிய பட்ஜி கிளிகள், இப்போது நலம்

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன்: சமையலறையில் கரப்பான் ஸ்ப்ரே அடித்த அன்று மாலை என் இரண்டு பட்ஜிகளும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடியது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கைமருந்து எதுவும் வேண்டாம், முதலில் கூண்டை நல்ல காற்றுக்கு மாற்றுங்கள், பிறகு பறவை பார்க்கும் டாக்டர்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அன்றிரவே பால்கனி பக்க அறைக்கு மாற்றி, மறுநாள் காலை காட்டினேன். ஆண் நான்கு நாளில் பழையபடி கத்தத் தொடங்கியது. பெண்ணுக்குப் பத்து நாள் ஆனது.

ஸ்ப்ரேக்குப் பதில் இப்போது ஜெல். பறவை எட்டாத அலமாரி மூலைகளில் சிறு பொட்டுகள், அவ்வளவே. தரைக்கு ஃபினாயிலை நிறுத்திவிட்டு, தண்ணீரில் கொஞ்சம் வினிகர். அதை பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எதிர்பாராதது ஒன்று. டாக்டர் முதலில் விசாரித்தது நான்ஸ்டிக் தவாவைப் பற்றி! வெறும் தவா அடுப்பில் அளவுமீறிச் சூடேறினால், அதன் ஒட்டாத மேல்பூச்சிலிருந்து வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடுமாம். நமக்கு மணம்கூடத் தெரியாமல் போகலாம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, அதனால் ஆக்சிஜனைப் போலவே நஞ்சையும் வேகமாக இழுத்துக்கொள்கிறது. என் வீட்டுத் தவாவும் கூண்டிலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நினைத்தாலே பதறுகிறது.

தோசைக்கு மறுபடி இரும்புக்கல். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அம்மா வாசலோடு நிறுத்திக்கொண்டார்.