ரஸ்தாளி அடியிலை மஞ்சளாகித் தொங்குகிறது, வெட்டிவிடலாமா?

கொல்லைப்புறத்தாள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஊமச்சிகுளம் பக்கம், மூணு சென்ட். வீடு போக, அடுப்படிக்குப் பின்னால் எட்டடி அகலத்தில் ஒரு துண்டு மிச்சம். அதில் ஒரு முருங்கை, துவைக்கிற கல், அப்புறம் இரண்டு வாழை. கல்லை ஒட்டி நிற்பது பூவன், நர்சரியில் வாங்கியது. சுவரோரம் நிற்பது ரஸ்தாளி. பிரச்சினை ரஸ்தாளிக்குத்தான்.

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் சோழவந்தான் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து அத்தை வாயில் அந்த ஊர் வாழையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். 2023 ஆடியில் ஒரு நாள், உரச்சாக்கில் இந்த ரஸ்தாளியின் கட்டையை, அதாவது நடுகிற கிழங்கை, சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டாராம். "இது எங்க அப்பா வச்ச வாழை, இதுக்குப் போய் டிக்கெட்டா"ன்னு சண்டை போட்டு, கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

பதினைந்தாம் மாதம், ஐப்பசியில் தார் வெட்டினோம். ஆறு சீப்பு. மாடிப்படிக்கு அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ரஸ்தாளி பழுத்தால் சீப்பில் நிற்காது, தெரிந்ததுதான். ஆனால் ராத்திரி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று விழ, யாரோ படியேறி வருகிறார்கள் என்று என் மகன் இரண்டு நாள் தூங்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம்.

தாய்மரம் பூத் தள்ளியபோது ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிட்டேன். அது இப்போது என் தலைக்கு மேல் இரண்டடி வளர்ந்துவிட்டது. பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும், அடியிலை ஓரத்தில் மஞ்சள் தட்டியது. அப்புறம் வாரத்துக்கு ஒரு இலை. இப்போது நாலு இலை, காம்பு மடங்கித் தண்டைச் சுற்றித் தொங்குகிறது, பாவாடை கட்டிவிட்ட மாதிரி. குருத்து மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நேராக நிற்கிறது. நேற்று சருகை அறுக்கும்போது பார்த்தால், தண்டின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு நெட்டுவாக்கில் வெடிப்பு. விரலே நுழைகிறது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் போர்த்தண்ணியின் உப்பு. அத்தைக்கு நான் துவைக்கிற சோப்புத் தண்ணி. எதிர்வீட்டு ஆச்சிக்குக் கண்ணேறு, ஆறு சீப்பைத் தெருவே பார்த்ததல்லவா. நான் ஒரு கூடை எருவும் வேப்பம்புண்ணாக்கும் ஒரு கைப்பிடி பொட்டாஷும் வைத்தேன். மூணு வாரமாச்சு, ஒன்றும் கேட்கவில்லை.

வைத்துப் பார்க்கலாமா, வெட்டிவிடுவதா? வெட்டினால் அத்தையிடம் என்ன சொல்வது என்பது தனிக் கவலை.


திருநகர் மாடித்தோட்டம்:

அக்கா, என் வாழையிலும் அடியிலை மஞ்சளாச்சு. சாம்பல் போட்டேன், அடுத்தடுத்து வந்த இலை எல்லாம் பச்சையாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொட்டாஷ் கொடுத்துப் பாருங்க. அப்புறம், போன தார் எந்தப் பக்கம் பார்த்துத் தள்ளியது? தெற்கே பார்த்துத் தள்ளினால் வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க பாட்டி சொல்லும்.


வாடிப்பட்டிக்காரன்:

அம்மா, உரத்தை நிறுத்துங்க. தண்டு வெடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

முதலில் தண்ணியைப் பார்ப்போம். உப்பென்றால் இலையின் ஓரம் கருகும், அதுவும் அந்தத் தண்ணி குடிக்கிற எல்லா வாழைக்கும். உங்கள் பூவன் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று சோப்புத் தண்ணியையும் சேர்த்துக் குடிக்கிறது. அதற்கு ஏதாவது வந்ததா? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொட்டாஷ் குறைந்தாலும் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும், திருநகர் தம்பி சொல்வது அந்த மட்டில் சரி. ஆனால் அதற்குத் தண்டு வெடிக்காது.

இது வாடல் நோய் மாதிரி தெரிகிறது. பனாமா வாடல் என்பார்கள். மண்ணில் இருக்கிற பூஞ்சாணம் வேர் வழியாக ஏறி, தண்ணி போகிற குழாயை அடைத்துவிடும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது. ரஸ்தாளிக்கும் இதற்கும் ஜென்மப் பகை. நானே ஐநூறு கட்டை ரஸ்தாளி வைத்து, ஆறாம் மாதம் வரப்பில் நின்று எண்ணினேன், நூற்றுச் சொச்சம் பாவாடை கட்டி நின்றது. அதோடு ரஸ்தாளியை விட்டேன்.

உறுதி செய்ய ஒரு வழிதான். மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நான் சொன்னது தப்பு. செங்காவியாகப் புள்ளியோ வளையமோ ஓடியிருந்தால் வாடல்தான். கூழாக அழுகி மூக்கைப் பிடிக்க வைத்தால் அது பாக்டீரியா அழுகல், வேறு வைத்தியம். உள்ளே குடைந்து புழு இருந்தால் கூன்வண்டு.

திசை விஷயம்: கட்டையில் தாய்மரத்தோடு ஒட்டியிருந்த வெட்டு எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் பெரும்பாலும் தார் சாயும் என்பது எங்கள் பக்கம் நடுகிறவர்கள் கணக்கு. தெற்கு வேண்டாமென்றால் நடும்போதே திருப்பி வையுங்கள், பாட்டியும் சந்தோஷப்படும்.


கொல்லைப்புறத்தாள்:

அண்ணே, வெட்டியாச்சு.

பூவனுக்கு ஒன்றுமில்லை, அதன் இலையில்தான் நேற்றுச் சாப்பிட்டோம். அதை நினைத்ததும் நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் கடப்பாரை போட்டார். தண்டை அறுத்தபோது மேல்பட்டைகளில் காவிக் கோடு கோடாக ஓடியிருந்தது, நடுத்தண்டு வெள்ளைதான். கிழங்கைக் கழுவி அரிவாளால் இரண்டாகப் பிளந்தோம். வெள்ளைச் சதையில் சிவப்பும் காவியுமாகப் புள்ளிகள், ஓரத்தில் ஒரு வளையம். வெற்றிலை போட்டுத் துப்பினது மாதிரியே இருந்தது. நாற்றம் இல்லை, புழு இல்லை.

அத்தை பின்னாலேயே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க கொல்லையிலும் வந்துச்சு. நாலு மரம் போச்சு. அஞ்சாவதுக்குத்தான் ஒண்ணும் ஆகலை, அதிலிருந்துதான் உனக்கு எடுத்தேன்" என்றார். எனக்குத்தான் சட்டென்று பேச்சு வரவில்லை. அண்ணே, அப்படியானால் நோய் அந்தச் சாக்கிலேயே வந்ததா? முதல் தார் நன்றாக வந்ததே?

வெட்டியதை என்ன செய்வது? அந்தத் தார்ப் பழத்தைத் தெருவுக்கே கொடுத்தோமே, அதனால் யாருக்கும் ஒன்றும் வராதே?


மேலூர் மருமகன்:

அதே குழியில் கற்பூரவள்ளி வையுங்க அக்கா. முரட்டு ரகம், வறட்சி தாங்கும். எங்கள் வீட்டில் தண்ணியே விடாமல் நிற்கிறது.


வாடிப்பட்டிக்காரன்:

மேலூர்த் தம்பி, வறட்சிக்கு நீங்கள் சொல்வது ரொம்பச் சரி. ஆனால் இந்த வாடல் கற்பூரவள்ளியையும் பிடிக்கும், மொந்தனையும் பிடிக்கும். முரடு என்று நம்பி இந்தக் குழியில் வைத்தால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவார்கள்.

அம்மா, பழத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், இது மனிதரை ஒன்றும் செய்யாது. சாக்கில் வந்ததா என்றால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெளியே பார்க்க நல்ல கன்றாக இருக்கும், கிழங்குக்குள் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு வரும். தாய்மரம் தப்பித்துத் தார் போட்டுவிடும், மண்ணில் பெருகியபிறகு அடுத்த கன்று மாட்டிக்கொள்ளும். நோயுள்ள தோட்டத்தில் நன்றாக நிற்கிற மரத்திலிருந்து கன்று எடுப்பது எல்லோரும் செய்கிற தப்புதான். நானும் செய்தேன், உங்கள் அத்தையைக் குறை சொல்லாதீர்கள்.

கிழங்கு, தண்டு, இலை எதையும் உரக்குழியில் போடாதீர்கள். வேரைக் கிளறி எடுத்து எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். வாழைத்தண்டு லேசில் காயாது, துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள். குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு போட்டு ஆறவிடுங்கள். கடப்பாரை, அரிவாளைக் கழுவாமல் பூவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தக் குழியின் மண்ணையும் அங்கே தள்ளக்கூடாது. தண்ணியும் குழியிலிருந்து வெளியே ஓடாமல் ஒரு வரப்புக் கட்டிவிடுங்கள். மருந்தடித்து மண்ணைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாராவது கடையில் சொன்னால் நம்பாதீர்கள், இந்தப் பூஞ்சாணம் வாழை இல்லாமலேயே பல வருடம் மண்ணில் கிடக்கும்.

அந்தக் காலத்தில் மத்திய அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகளையே இது படுக்கவைத்தது. ஏற்றுமதி முழுக்க குரோ மிஷல் என்ற ஒரே ரகத்தில் நின்றது, இந்த நோயால் அது போய், 1950, 60களில் கேவண்டிஷ் என்ற வாழைக் குடும்பத்துக்கு மாறினார்கள். இங்கே ரொபஸ்டா, பச்சை நாடான் பக்கத்தில் ஜி9 என்று விற்கிறார்களே, அந்த ஜி9னும் ரொபஸ்டாவும் அந்தக் குடும்பம்தான். நம் ஊரில் வருகிற இந்த வாடலைப் பூவனும் ரொபஸ்டாவும் தாங்கும். வாழையே வேண்டுமென்றால் அந்த இரண்டில் ஒன்று. கட்டையாக வாங்கினால் வேரைச் சீவி, கிழங்கு வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திசு வளர்ப்புக் கன்றென்றால் அந்தப் பயம் குறைவு. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்கிற பூஞ்சாணம் கேட்டுப் பாருங்கள், மக்கிய சாணத்தில் கலந்து வைக்கலாம். ஆனால் அது வருமுன் காப்பது, வந்தபின் தீர்ப்பதில்லை.

உரத்தை மூணு, ஐந்து, ஏழாம் மாதம் பிரித்துக் கொடுங்கள். தார் வெளியே வந்தபிறகு கொட்டினால் காய் வேண்டுமானால் கொஞ்சம் பருக்கும், சீப்பு கூடாது. எத்தனை சீப்பு என்பது தண்டுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.


கொல்லைப்புறத்தாள்:

எல்லாம் நறுக்கிக் காயப்போட்டாச்சு அண்ணே, மாடியில். மழை வராமல் இருக்கணும். பூவன் ஒன்றே போதும் என்று முடிவு செய்துவிட்டோம், இடமும் இல்லை.

அத்தை இப்போது அந்த இடத்தில் கறிவேப்பிலை வைக்கச் சொல்கிறார். ஊரில் கிணற்றடியில் நிற்கிற மரத்துக் கன்றாம், வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்கிறார். வைக்கலாமா, அதையும் பிடிக்குமா?


வாடிப்பட்டிக்காரன்:

தாராளமாக வையுங்கள், இது வாழையை விட்டுக் கறிவேப்பிலைக்குப் போகாது. ஆனால் அத்தையிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: கன்றை வாழை நின்ற மண்ணோடு எடுக்க வேண்டாம். சாக்கும் புதுச் சாக்காக இருக்கட்டும்.