மஞ்சகாமாலைக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்?

திருச்சி அக்கா: தம்பிக்கு மஞ்சகாமாலை, ஹெபடைட்டிஸ் ஏ-ன்னு (தண்ணி, சாப்பாடு வழியா பரவுற கல்லீரல் வைரஸ்) டாக்டர் சொல்லிட்டார். அத்தை உப்பு, எண்ணெய் எதுவுமே கூடாதுங்கிறாங்க, அவனோ கஞ்சியப் பாத்தாலே குமட்டுறான். என்ன குடுக்க? கீழாநெல்லி அரைச்சுத் தரலாமா?

நர்ஸ் பொண்ணு: பத்தியம்னு பட்டினி போடாதீங்க அக்கா, உப்பு போடலாம். இட்லி, தயிர்சாதம், இளநீர்னு கொஞ்சங்கொஞ்சமா குடுங்க, காலைல குமட்டல் கம்மியா இருக்கும், அப்பவே நல்லா சாப்பிட வைங்க. பாராசிட்டமால்கூட டாக்டரைக் கேக்காம வேணாம்.

மதுரைக்காரன்: இந்த வகை பெரும்பாலும் தானாவே சரியாகும், பேரு மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. வீட்ல எல்லாரும் கொதிக்க வெச்ச தண்ணியே குடிங்க, ஐஸ் போட்ட ரோட்டோர கரும்பு ஜூஸ் வேணவே வேணாம், கக்கூஸ் போய்ட்டு சோப்பு போட்டுக் கை கழுவணும்.

நர்ஸ் பொண்ணு: உளறினாலோ தூங்கிட்டே இருந்தாலோ ஈறுல ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா.