26 இஞ்ச் மவுண்டன் பைக்குக்கு நல்ல டயர் எது?

கேள்வி:
பழைய 26 இஞ்ச் மவுண்டன் பைக், ரிம் பிரேக். ஃபிரேம் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, ஆனால் டயர் ஓரமெல்லாம் வெடித்து நூல் தெரிகிறது. எங்கே கேட்டாலும் 29, 27.5 இஞ்ச் என்றே காட்டுகிறார்கள். பாதி மண் பாதை, பாதி தார் ரோடு. எதைப் போடலாம்?

பதில் 1:
முதலில் பழைய டயரின் பக்கவாட்டில் 559 இருக்கிறதா பாருங்கள், 54-559 என்கிற மாதிரி. 54 டயரின் அகலம், 559 அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். 26 என்று போட்டதெல்லாம் ஒரே அளவு கிடையாது. 26×1 3/8 என்று பின்னத்தில் இருந்தால் அது 590, உங்கள் ரிம்மில் உட்காரவே உட்காராது.

பதில் 2:
மண்மேட்டில் ஏறித் தாவுகிற டர்ட் ஜம்ப் சைக்கிள்கள் இன்னும் 26தான், அதனால் அந்தப் பக்கம் தேடினால் சிக்கும். மாக்ஸிஸ் ஹோலி ரோலர் மாதிரி குட்டையான, நெருக்கமான ரப்பர் கட்டை வைத்த டயர் காய்ந்த மண்ணிலும் தாரிலும் நன்றாகவே ஓடும், சேற்றில் மட்டும் வழுக்கும். பெரிய கட்டை டயர் தார் ரோட்டில் உறுமிக்கொண்டே வரும், காலும் வலிக்கும், எனக்குப் பிடிக்காது.

கேட்டவர்:
54-559தான். சரி, 2.4 இஞ்ச் அகலம் போட்டால்?

பதில் 1:
பின் ஃபோர்க் இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய ஃபிரேம் பலவற்றில் 2.1, 2.2 தாண்டினாலே உரசும். அப்புறம், ரொம்ப நாள் கிடந்த சரக்கைத் தள்ளிவிடுவார்கள், கையால் வளைத்துப் பாருங்கள், மெல்லிய கீறல் தெரிந்தால் வேண்டாம்.