கிராமத்து அரிசி ஆலைக்குச் சூரிய மின்சாரம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: அக்கராயன் கமக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து ஓர் அரிசி ஆலையை நடத்தி வருகின்றன. காலபோக நெல் வரும் மாசி முதல் சித்திரை வரை ஆலைக்கு ஓய்வே இல்லை. சிறுபோக நெல்லுடன் ஆவணி, புரட்டாதியில் மீண்டும் ஓடும். மற்றைய மாதங்களில் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வேலை இருந்தால் பெரிய காரியம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறிய பிறகு, எரிபொருளையும் மின்கட்டணத்தையும் மட்டும் நம்பி இனி ஒரு போகத்தையும் தொடங்கக்கூடாது என்பதில் எங்கள் அங்கத்தவர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

இப்போது இரண்டு யோசனைகள் முன்னால் இருக்கின்றன. ஆலைக் கூரையில் 40 கிலோவாற்று சோலர் பூட்டலாம் என்று ஒரு நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது. வேறொரு நிறுவனம், குளத்துக்குப் பின்னால் எங்கள் மாடுகள் மேயும் 12 ஏக்கர் அளவான வெளியில் சூரிய மின்பூங்கா அமைக்க 20 வருடக் குத்தகை கேட்கிறது. இளையவர்கள் குத்தகைப் பணத்தால் ஆலையையே புதுப்பிக்கலாம் என்கிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் சம்மதிக்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் விடயம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1: மின்னியலாளர், வவுனியா

ஐயா, 40 கிலோவாற்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் கூரையை அளந்துதான் இந்த எண்ணைச் சொல்வார்கள். ஆனால் அளக்க வேண்டியது உங்கள் ஆலை பகலில் இழுக்கும் மின்சாரத்தை.

எங்கள் வறண்ட வலயத்தில் ஒரு கிலோவாற்றுப் பனல் வருடச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 40 கிலோவாற்றுக்கு 160 அலகு. உமி நீக்கும் இயந்திரம், தீட்டும் இயந்திரம், எலிவேற்றர் எல்லாம் சேர்ந்து 25 குதிரைவலு என்றால் அது 18 கிலோவாற்றுக்குச் சற்று அதிகம். எட்டு மணித்தியாலம் ஓடினால் 150 அலகு வரை முடியும். அறுவடைக் காலத்தில் இது பொருந்தும். ஆனால் ஆலை கிழமைக்கு இரண்டு நாள் ஓடும் மாதங்களில் உற்பத்தியின் பெரும்பகுதி மின்சார சபையின் கம்பிக்குத்தான் போகும். ஆகவே உங்கள் முதலீடு திரும்பி வருவது, அந்த மிச்ச அலகுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது.

அந்த விலையோ நிலையானதல்ல. 2016 இல் கூரைச் சூரிய மின்திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடங்களுக்கு அலகுக்கு 22 ரூபாவும் அதன்பின் 15.50 ரூபாவும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு புதிய இணைப்புகளுக்கு விலை நன்றாக உயர்ந்தது. அதன்பின் மீண்டும் இறங்கியிருக்கிறது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் நடைமுறையில் இருக்கும் விலையை மின்சார சபையிடமே எழுத்தில் பெறுங்கள். விற்பனையாளரின் கடதாசியில் உள்ளதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை; பாவனை குறைவு, வெயில் அதிகம், அதனால் கம்பியில் சோலர் மின்சாரத்தின் பங்கும் அதிகம். அப்படியான நேரத்தில் ஒரு கோளாறு வந்தால் சமாளிப்பது கடினம். அதற்கடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சோலர் வைத்திருப்பவர்கள் பகலில் தாங்களாகவே நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மிச்ச மின்சாரத்தை எப்போதும் வாங்குவார்கள் என்று எண்ணித் திட்டமிட முடியாது என்பதற்கு இது போதும். என் கருத்துப்படி 20 கிலோவாற்றில் தொடங்கி, நெல் அரைக்கும் வேலையை இயன்றவரை காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் வைத்துக்கொள்வதே உங்கள் சங்கத்துக்குப் பாதுகாப்பானது.

உங்கள் இணைப்பு 42 கேவீஏக்கு (kVA, இணைப்பின் மின்கொள்ளளவு) மேற்பட்ட வகையா என்று பில்லைப் பாருங்கள். மேற்பட்டதென்றால் அலகுக் கட்டணத்துடன் அதியுச்சக் கேள்விக்கும் (அதாவது அதிகூடிய மின்தேவைக்கும்) தனிக் கட்டணம் இருக்கும். மாதத்தில் ஏதோ ஒரு 15 நிமிடத்தில் நீங்கள் இழுத்த உச்சத்தை வைத்து அதைக் கணிக்கிறார்கள். மேகம் மூடிய ஒரு காலையில் எல்லா மோட்டரையும் ஒன்றாகத் தொடக்கினால், கூரை நிறையப் பனல் இருந்தும் அந்தக் கட்டணம் குறையாது. மோட்டர்களை ஒவ்வொன்றாகத் தொடக்குவதும் மோட்டர்கள் வீணாக இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் கப்பாசிற்றர் தொகுதி பூட்டுவதும் சோலரைவிட மிகக் குறைந்த செலவில் அங்கே பலன் தரும்.

மின்தடை வந்தால் சோலரும் நின்றுவிடும் என்பதை அங்கத்தவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக, பனலின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டர்கள், பற்றரி இல்லாதவை என்றால், தாமாகவே அணைந்துவிடும் வகையில் செய்யப்பட்டிருக்கின்றன. கூரையைப் பொறுத்தவரை, 550 வாற்றுப் பனல் ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும். பழைய கூரை மரங்கள் அதையும் காற்றின் இழுப்பையும் தாங்குமா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வன்னியைக் கடந்து போனதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதில் 2: பரந்தன் ஆலைக்காரன்

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் நெல் அவிக்கும் ஆலை என்றால் உங்கள் சக்தித் தேவையில் பெரிய பங்கு மின்சாரமே அல்ல, வெப்பம். ஊறவைத்த நெல்லை அவிப்பதற்கும் காயவைப்பதற்கும் என்ன எரிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விறகு என்றால், அந்த விறகு எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பதையும் சங்கம் யோசிக்க வேண்டும்.

நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆயிரம் கிலோ நெல் அரைத்தால் 200 கிலோ உமி உங்கள் முற்றத்திலேயே கிடக்கிறது. மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான உமியில் உள்ள வெப்பம் ஒரு கிலோ டீசலுக்குச் சமம். இதைத்தான் பல இடங்களில் ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். அந்தக் குவியல் நாட்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும், சோளகம் வீசினால் கரித்தூள் அயல் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் வந்து படியும். உமியால் ஓடும் பொயிலர் ஒன்றைச் சரியான காற்றோட்டத்துடன் அமைத்தால், உங்கள் ஆலையின் அவியலுக்கு வெளியிலிருந்து ஒரு கட்டு விறகும் வாங்கத் தேவையில்லை. மிஞ்சும் சாம்பலில் சிலிக்கா அதிகம். செங்கல் சூளைக்காரரும் தோட்டக்காரரும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

ஆகவே கையில் இருக்கும் முதல் பணத்தைப் பொயிலரில் போடுங்கள் என்பதே எனது ஆலோசனை. பனல் அடுத்த போகத்துக்கும் இருக்கும். அதைப் பூட்டிய பிறகு ஆடி, ஆவணித் தூசியை அலட்சியம் செய்ய வேண்டாம். பனிநீரில் கரைந்த தூசி பனலின் கீழ்ச் சட்டத்தோரம் ஒரு விரல் அகலத்துக்குப் படியும். மேலே கண்ணாடி பளிச்சென்று இருந்தாலும் அந்தக் கீழ்வரிசை நிழலில் இருப்பதால் உற்பத்தி குறையும். உமித்தூள் பறக்கும் ஆலையில் இது இன்னும் அதிகம். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

பதில் 3: மன்னார் ஆசிரியர்

குத்தகை பற்றி எழுதுகிறேன். பெரிய மின்திட்டங்களுக்கு இடம் கொடுப்பதில் மன்னாரின் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் தீவில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்று. அதன்பின் மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து இந்தியாவின் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாற்றுக் காற்றாலைத் திட்டம் வந்தது, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையை அரசாங்கம் மீள ஆராயத் தொடங்கியதும் 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழைவெள்ளம் வடியும் வழி, மீனவரின் தொழில், மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் என்று அவர்களுக்குப் பல கவலைகள் இருந்தன. வங்காலை ஈரநிலம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். காற்று மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே, எவ்வளவு, யாரைக் கேட்டு என்பவைதான் அவர்கள் எழுப்பிய கேள்விகள். அவை நியாயமானவை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

உங்கள் 12 ஏக்கரில் ஏறத்தாழ 3 மெகாவாற்று அமையும். முதலில் அந்த வெளி சட்டப்படி யாருடையது என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். மேய்ச்சல் தரைகளில் பல அரச காணிகள், அவற்றைக் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருக்காது. சங்கத்தினுடையதுதான் என்றாலும், குளத்துக்கு வரும் நீரோட்டம் அந்த வெளியால் போகிறதா என்று மாரியில் போய்ப் பாருங்கள். வேலி அடைத்த பின் மாடுகள் குளத்துக்கு எந்த வழியால் போகும்? இருபது வருடம் முடிந்ததும் பனல்களையும் கொங்கிறீற்றையும் யாருடைய செலவில் அகற்றுவது? இவற்றுக்கு ஒப்பந்தத்தில் வரிகள் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். பனலின் கீழே மாடு மேயலாம் என்று சிலர் சொல்லக்கூடும். செம்மறி மேயும், வெள்ளாடு பனலில் ஏறும், மாட்டுக்கு அந்த உயரம் போதாது. வன்னியில் மேய்ச்சல் தரை ஏற்கெனவே சுருங்கிவிட்டது. பால் விற்று வாழும் குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் பெரும்பான்மை வாக்கால் மட்டும் இதை முடிவு செய்வது நியாயமாகாது.

அக்கராயன் கமக்காரன்

மிக்க நன்றி. ஆலையில் இப்போது விறகுதான் எரிக்கிறோம். பொயிலர் பற்றிய யோசனையைக் கூட்டத்தில் முதலாவதாக வைக்கிறேன். மேய்ச்சல் தரையின் காணிப் பதிவைப் பார்க்கவும் ஆள் அனுப்புகிறோம். இன்னுமொரு கேள்வி: மிளகாயும் கச்சானும் செய்யும் அங்கத்தவர்கள் மண்ணெண்ணெய் மெசினுக்குப் பதிலாகச் சோலர் நீர்ப்பம்பி கேட்கிறார்கள். சங்கம் அதற்குக் கடன் கொடுக்கலாமா?

பதில் 4: கிணற்றடி, செட்டிகுளம்

கொடுக்கலாம், கிணற்றைப் பார்த்த பிறகு. மண்ணெண்ணெய் மெசினில் ஒவ்வொரு லீற்றரும் காசு என்பதால் விவசாயி தானாகவே அளவோடு இறைப்பார். சோலரில் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. வெயில் உள்ளவரை பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்தில் கருங்கல்லுக்கு மேலே உள்ள உக்கிய கல்லும் மண்ணுமான படையில்தான் தண்ணீர் நிற்கிறது, அது ஆவணி, புரட்டாதியில் கீழே போய்விடும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீருக்கு மேலே இருக்கிறது. அங்கே அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும்.

கோடையில் ஒரு நாள் கிணற்றை இறைத்துவிட்டு, பழைய மட்டத்துக்கு எத்தனை மணித்தியாலத்தில் ஊறுகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெதுவாக ஊறும் கிணறு என்றால், வேகமாக உறிஞ்சும் இரண்டு அங்குல மெசினைவிட நாள் முழுவதும் ஆறுதலாக இறைக்கும் ஒரு குதிரைவலுச் சோலர் பம்பிதான் அதற்குப் பொருத்தம். உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் சொட்டுநீர்க் குழாயும் கூடவே வேண்டும். நீர்மட்டம் குறைந்தால் பம்பியை நிறுத்தும் சென்சரைக் கடன் நிபந்தனையாகவே வையுங்கள். கிணறு ஊறும் நேரத்தை எழுதிக் கொண்டுவராத எவருக்கும் சங்கம் விண்ணப்பப் படிவம் கொடுக்க வேண்டாம்.